கடைசி வரி என்னுடையது

தரவுத்தளச் சர்வர்களைப் பராமரிப்பவர்களை நலம் விசாரிப்பதற்காக யாரும் தொலைபேசியில் அழைப்பதில்லை. அன்று காலை மணி ஆறு நாற்பது. ஐப்பசித் தூறல் இரவு முழுவதும் பெய்து அப்போதுதான் விட்டிருந்தது. சத்துவாச்சாரியில் எங்கள் மொட்டைமாடிக் கொடியில் நான் எடுக்க மறந்த துணிகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. கைப்பேசியில் கலைவாணி.

“அக்கா, சர்வர் எழுந்துக்க மாட்டேங்குது. மேனேஜர் சார் என் பக்கத்துலதான் நிக்கிறார்.”

இவற்றில் இரண்டாவது வாக்கியமே செய்தி. ஆம்பூருக்குச் சற்று முன்னால், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளடங்கி, தோல் பதனிடும் பிரிவும் காலணிப் பிரிவும் ஒரே மதிலுக்குள் இருக்கும் ஒரு தொழிற்சாலையின் கணினி அறையைக் கலைவாணி பார்த்துக்கொள்கிறார். என்னைவிட ஐந்தாறு வயதுதான் இளையவர். ஒடுகத்தூரிலிருந்து பேருந்தில் வருபவர். பதினோரு ஆண்டுகள் பேக்கிங் மேசையருகே நின்றபடியே வேலை செய்து, இரண்டு முழங்கால்களும் கெட்ட பிறகு, தாமாகவே கணினி கற்று, உட்கார்ந்து செய்யும் இந்த வேலையைக் கேட்டு வாங்கினார். “ஆறு மாசம் பாப்போம்” என்றார் மேலாளர். அன்றைக்கு ஐந்து மாதமும் சில நாட்களும் ஆகியிருந்தன. சர்வர் ஒருமுறை அவர் கையால் நின்றாலும் மறுபடியும் பேக்கிங் மேசைதான் என்பது வாயிற்காவலர் வரை எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சர்வர் கண் விழித்ததும் முதலில் வாசிப்பது ஒரு சிறிய எழுத்துக் கோப்பை. நாங்கள் அதைக் கான்ஃபிக் என்கிறோம். தரவு எந்த இடத்தில் இருக்கிறது, நினைவகத்தில் எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம், ஒரே நேரத்தில் எத்தனை பேரை உள்ளே விடலாம் என்பதெல்லாம் அதில் வரிவரியாக இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் அதில் என்ன எழுதினாலும் திரும்பிப் பார்க்காது. நின்று மறுபடி எழும்போதுதான் வாசிக்கும். இந்த ஒரு குணத்தால், தவறு செய்யும் நாளும் தவறு வெளிப்படும் நாளும் எங்கள் தொழிலில் ஒன்றாக இருப்பது அபூர்வம். உங்கள் காவலிலும் இப்படி ஒரு கோப்பு இருந்தால் இவ்வளவு விளக்கம் வேண்டியதில்லை; பெருமூச்சு ஒன்று போதும். அந்தக் காலைக்குப் போவதற்கு முன், அதற்கு என்னைக் கொண்டுசேர்த்த சில சங்கதிகளைச் சொல்லிவிடுகிறேன்.

நாலு வரிக் கடிதம்

அந்தத் தொழிற்சாலைக்கு நான் முதன்முதலில் போனது இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு. ரசாயனக் கிடங்குக்கு அடுத்த அறையில், நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாய்களுக்குப் பக்கத்தில் சர்வரை வைத்திருந்தார்கள். மேலாளர் ரஃபீக் பாய்க்கு வயது ஐம்பத்தைந்து இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவியே ஒரு தோல் எந்தத் தரம் என்று சொல்லிவிடுவார். தாம் தொட்டுப் பார்க்க முடியாத எதன்மீதும் அவருக்கு நம்பிக்கை வருவதில்லை. ஆகவே நான் எதைப் பராமரிக்கப் போகிறேன் என்பதைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்றார்.

கான்ஃபிக் கோப்பைத் திறந்து காட்டினேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு வரியும் விடாமல், உதடு அசைய வாசித்தார். சர்வர் எழும்போது இதை வாசித்துவிட்டு, மறுபடி நிற்கும்வரை இதில் உள்ளபடியே நடந்துகொள்ளும் என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அடுத்த அறையில் சுற்றறிக்கை எழுதிக்கொண்டிருந்த அலுவலகக் கண்காணிப்பாளர் தேவராஜின் பக்கம் திரும்பினார்.

“இன்னாப்பா தேவராஜு, இவ்ளோ பெரிய மிஷினு இந்த நாலு வரி லெட்டரைப் படிச்சுட்டு ஒழுங்கா வேலைக்கு வருதாம். நீ வாரம் நாலு சர்க்குலர் போடுறே, ஒருத்தன் கேக்கிறானா?”

ரொப்பாதே

அடுத்த சங்கடம் நினைவகத்தால் வந்தது. சர்வருக்குப் பதினாறு ஜிபி நினைவகம் வாங்கினார்கள். அதில் பதினொன்றைத் தரவுத்தளத்துக்கு ஒதுக்கி, மீதியை இயந்திரத்தின் பிற வேலைகளுக்கு விட்டு, அந்த எண்ணைக் கான்ஃபிக்கில் எழுதினேன். ரஃபீக் பாய்க்கு மனம் ஒப்பவில்லை. “வாங்கினது ஜாஸ்தி, குடுக்கிறது கம்மியா?” என்று கேட்டார். மூன்று நாள் விளக்கினேன். நான்காம் நாள், விளைவை நேரில் காண்பதே நல்லது என்று முடிவு செய்து, அவர் முன்னிலையில் பதினாறையும் எழுதிச் சர்வரை நிறுத்தி எழுப்பினேன். அது எழவில்லை. கேட்ட அளவு நினைவகம் கிடைக்கவில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டுப் படுத்துக்கொண்டது.

ரஃபீக் பாய் என்னைச் சந்தேகத்தோடு பார்த்தார். அப்போது ஏதோ கையெழுத்துக்காக வாசலில் நின்றிருந்தவர் தனபால். பதனிடும் பிரிவின் ஃபோர்மேன். முழங்கை வரை குரோம் கறை ஏறிய மனிதர். தோல்களை நீரோடும் மருந்தோடும் போட்டுச் சுழற்றும் பெரிய மர டிரம்கள் எட்டு, அவர் பொறுப்பில் இருக்கின்றன. நான் மூன்று நாளில் சொன்னதை அவர் இரண்டு வாக்கியத்தில் சொன்னார். நான் மறுபடியும் பதினொன்று என்று எழுதினேன். ரஃபீக் பாய் அதன்பின் அந்த எண்ணைப் பற்றிப் பேசியதில்லை.

“டிரம்மு பெருசுன்னு வாய் வரைக்கும் தோலை ரொப்பினா எங்க பாய் சுத்தும்? உள்ள புரள்றதுக்கு எடம் வோணாமா?”

தோலில் ஓட்டை

கான்ஃபிக் கோப்பில் எந்த வரியையும் நான் அழிப்பதில்லை. பழைய வரியின் முன்னால் # என்று ஒரு கட்டக்குறி போட்டுவிட்டால் சர்வர் அதை வாசிக்காது. ஆனால் மனிதர்கள் வாசிக்கலாம். அதன் கீழே புதிய வரியை எழுதி, பக்கத்தில் தேதியையும் என் பெயரெழுத்துகளையும் போடுவேன். யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பது கோப்பிலேயே நிற்கவேண்டும் என்பது என் விதி. கணினி அறைக்கு வருகிற எல்லோருக்கும் இதைச் சொல்லியிருக்கிறேன். பெரும்பாலோர் தலையசைத்துவிட்டு, மாற்றும்போது மறந்துவிடுவார்கள்.

தனபால் மட்டும் இதைக் கேட்டதும் என்னை அழைத்துப்போய், ஊறலுக்குக் காத்திருந்த உப்புத்தோல் ஒன்றின் வால் பக்கத்து ஓரத்தைத் திருப்பிக் காட்டினார். சிறுசிறு ஓட்டைகள் வரிசையாக இருந்தன. எந்தத் தொகுதி, அதாவது லாட், யார் தேர்ந்தெடுத்தது, எவ்வளவு எடை என்பதெல்லாம் அந்த ஓட்டைகளில் இருக்கிறதாம். ஓட்டை விழுந்துவிட்டால் அந்தத் தோலைத் தரம் பார்த்தாகிவிட்டது என்று பொருள். அதன்பின் எவரும் அதைத் திரும்பப் பார்ப்பதில்லை. நான் என் பெயரெழுத்துகளைப் பற்றிப் பெருமையோடு வீடு திரும்பினேன். அந்தப் பெருமைக்கு உரிய விலையைப் பிறகு சொல்கிறேன்.

“மையில எழுதினா சுண்ணாம்புத் தொட்டி தின்னுடும் மேடம். ஓட்டை போட்டாத்தான் கடைசி வரைக்கும் நிக்கும்.”

வெள்ளிக்கிழமை ஒரு மணி

அந்தத் தொழிற்சாலையில் சர்வரை நிறுத்தி எழுப்ப உகந்த நேரம் ஒன்றே ஒன்றுதான்: வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை நேரம். வேலையாட்களில் ஒரு பகுதி பள்ளிவாசலுக்கும் மறுபகுதி சாப்பாட்டுக்கும் போய்விட, வளாகமே அமைதியாகிவிடும். என் நாட்குறிப்பில் வேலூர் முதல் ஆம்பூர் வரை பல இடங்களின் மறுதுவக்கங்கள் எல்லாம் வெள்ளிக்கிழமைகளில்தான் குவிந்திருக்கும்.

எட்டு மாதங்களுக்கு முன்பு, ஏற்றுமதி வேலை கூடியதால், இன்னொரு பதினாறு ஜிபி நினைவகத்துக்கு ரஃபீக் பாய் சொல்லி அனுப்பினார். திங்கட்கிழமை வந்துவிடும் என்றார்கள். வந்ததும், வெள்ளிக்கிழமை சர்வரை நிறுத்தி, பொருத்தி எழுப்பலாம் என்று பேசிக்கொண்டோம். நான் அங்கே இருந்தது அதற்கு முந்தைய சனிக்கிழமை. எப்படியும் மறுதுவக்கம் வரை சர்வர் வாசிக்கப் போவதில்லை என்ற நிம்மதியில், மொத்தம் ஆகப்போகும் முப்பத்திரண்டில் தரவுத்தளத்துக்கு இருபத்திரண்டு என்று கோப்பின் அடியில் ஒரு வரி எழுதி, தேதியும் பெயரெழுத்துகளும் போட்டுவிட்டு வந்தேன்.

அந்த வெள்ளி ஒரு கப்பல் சரக்கு. அடுத்த வெள்ளி, வெளிநாட்டிலிருந்து வாங்குபவர்கள் வந்திருந்தார்கள். அதற்கடுத்த வெள்ளி நான் கேட்டதற்கு ரஃபீக் பாய் கையை விரித்தார். மின்வெட்டு வந்தாலும் பேட்டரியும் ஜெனரேட்டரும் தாங்கிக்கொண்டன. சர்வர் நிற்கவேயில்லை. நானும் கேட்பதை விட்டேன். பிறகு, கேட்டதை மறந்தேன். கடைசியாகக் கேட்டபோது ரஃபீக் பாய் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

“ஓடுற டிரம்மை எதுக்கு மேடம் நிறுத்திப் பாக்கணும்? தோல் தானா வெந்து வரட்டும்.”

மேலே குத்திய சீட்டு

கலைவாணி கணினி அறைக்கு வந்த புதிதில், பழைய கணினி ஒன்றில் தரவுத்தளத்தின் நகலைப் போட்டுக் கொடுத்தேன். அதில் எதைக் கெடுத்தாலும் யாருக்கும் நட்டமில்லை. ஒருநாள், அவர் எண்ணை மாற்றியும் சர்வர் பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அழைத்தார். எழுத்து சரி, எண் சரி, மறுதுவக்கமும் செய்திருக்கிறார். நேரில் போய்ப் பார்த்தபோது விளங்கியது. பழைய வரியை அப்படியே விட்டுவிட்டு, புதிய வரியைக் கோப்பின் உச்சியில் எழுதியிருந்தார்.

அது அந்தத் தொழிற்சாலையின் பழக்கம். ஒவ்வொரு டிரம்மின் பக்கத்திலும் ஓர் ஆணி இருக்கும். எவ்வளவு உப்பு, எவ்வளவு மருந்து, எத்தனை மணி நேரம் என்று எழுதிய சீட்டை அதில் குத்துவார்கள். அளவு மாறினால் புதிய சீட்டை மேலே குத்துவார்களே தவிர, பழையதை எடுக்கமாட்டார்கள். பேக்கிங் மேசையிலும் அப்படியேதான். மேலே இருப்பதே சட்டம். அடியில் இருப்பது சரித்திரம். பதினோரு ஆண்டுகள் மேல்சீட்டை மட்டுமே பார்த்து வேலை செய்த ஒருவர் வேறெப்படி எழுதுவார்?

சர்வர் மேலிருந்து கீழே வாசிக்கும், ஒரே சங்கதி இரண்டு முறை வந்தால் கடைசியாக வாசித்ததையே பிடித்துக்கொள்ளும் என்று சொன்னேன். அவர் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“அப்போ இது எங்க மேனேஜர் சார் மாதிரி, அக்கா. யார் கடைசியா போய்ச் சொல்றாங்களோ அவங்க பேச்சுதான் எடுபடும்.”

ஆறு நாற்பதுக்குப் பிறகு

இனி அந்தக் காலை. முந்தைய நாள் மாலையில் தொழிற்சாலையின் பிரதான மின்பலகையை மாற்றுவதற்காக முழு வளாகத்தையும் அணைத்திருந்தார்கள். எட்டு மாதத்தில் முதல்முறையாகச் சர்வர் உறங்கி எழவேண்டிய நாள். எப்படியும் நின்று எழப்போகிறதே என்று, பேக்கிங் பிரிவுக்கு வந்த புதிய ஸ்கேனர்களுக்காக, ஒரே நேரத்தில் உள்ளே விடும் எண்ணிக்கையை நூறிலிருந்து நூற்றைம்பதாகக் கலைவாணி மாற்றியிருந்தார். தொலைபேசியில் என்னைக் கேட்டுவிட்டுத்தான் மாற்றினார். காலை முதல் பேருந்தில் வந்து சர்வரை எழுப்பினார். அது எழவில்லை. இணைய இணைப்பின் பெட்டிக்கு இன்னும் மின்சாரம் வராததால், நான் வீட்டிலிருந்தே பார்க்க வழியில்லை. நான் வரும்வரை யாரும் எதையும் தொடக்கூடாது என்று ரஃபீக் பாய் உத்தரவு போட்டுவிட்டார்.

எட்டேகாலுக்குப் போய்ச் சேர்ந்தேன். பெட்டிகளில் ஒட்டும் லேபிள்கள் சர்வர் இல்லாமல் அச்சாகாது. ஆகவே வாசலில் கன்டெய்னர் லாரி நின்றுகொண்டிருந்தது. கணினி அறையில் இருந்த ஒரே நாற்காலியில் ரஃபீக் பாய் உட்கார்ந்திருந்தார். கலைவாணி சுவரோரம் நின்றிருந்தார். தேவராஜின் கையில் தட்டச்சு செய்த ஒரு தாள் இருந்தது.

“வாங்க மேடம்” என்றார் ரஃபீக் பாய். “நேத்து நாலு அம்பதுக்கு இந்த ஃபைலை மாத்தியிருக்கு. நேரத்தோட இதுலயே காட்டுது.”

“நான்தான் சார் மாத்தினேன். அக்காகிட்ட கேட்டுட்டுத்தான்…”

“கேட்டியா இல்லியான்றது இல்லம்மா பேச்சு. நேத்து ஓடிச்சு. இன்னைக்கு ஓடலை. நடுவுல நீ தொட்டே.”

குறை சொல்ல முடியாத தர்க்கம். நாற்காலியைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தேன். சர்வர் எழுதி வைத்திருந்த குறிப்பைத் திறந்தேன். கேட்ட அளவு நினைவகம் கிடைக்கவில்லை என்ற அதே பழைய வரி. கான்ஃபிக்கைத் திறந்தேன். கலைவாணியின் மாற்றம் இருக்கவேண்டிய இடத்தில், இருக்கவேண்டிய விதத்தில் இருந்தது: பழைய வரிக்குக் கட்டக்குறி, கீழே புதிய வரி, தேதி, பெயரெழுத்துகள். அதில் ஒரு பிழையும் இல்லை. கோப்பின் கடைசிவரை இறங்கினேன். இருபத்திரண்டு என்றது கடைசி வரி. பக்கத்தில் எட்டு மாதம் பழைய தேதி, என் பெயரெழுத்துகள். இயந்திரத்தில் எவ்வளவு நினைவகம் இருக்கிறது என்று பார்த்தேன். பதினாறு.

இருபத்திரண்டைப் பதினொன்றாக்கி எழுப்பினேன். ஒரு நிமிடத்துக்குள் சர்வர் எழுந்துவிட்டது. சற்று நேரத்தில் பேக்கிங் பிரிவில் லேபிள் அச்சு ஓடும் சத்தம் கேட்டது. எந்த வரியை மாற்றினேன் என்பதை அந்த அறையில் நானும் என் முதுகுக்குப் பின்னால் நின்ற கலைவாணியும் மட்டுமே அறிவோம். அந்த மாதக் கடைசியில் என் பராமரிப்பு ஒப்பந்தமும் புதுப்பிக்கப்பட இருந்தது. அது என் நினைவுக்கு வரவில்லை என்று எழுதினால் பொய்.

“அப்போ தப்பு ஃபைல்லதான் இருந்துச்சு” என்றார் ரஃபீக் பாய்.

“ஆமாம் பாய்.”

“அதைத்தான் காலையிலேர்ந்து நானும் சொல்றேன்” என்று தேவராஜ் தாளை நீட்டினார். “பேக்கிங்குக்கே போகட்டும் பாய். அவங்களுக்குத் தெரிஞ்ச வேலை.” ரஃபீக் பாய் பேனாவை எடுத்தார்.

லேபிள் வருகிறதா என்று பார்க்க வந்த தனபால் வாசலிலேயே நின்றார். “எட்டு டிரம்மு லாட் நம்பரும் கலைவாணி வந்த அப்புறம்தான் பாய் ஒழுங்கா ஏறுது. முன்ன இருந்த ஆளு வாரத்துக்கு ரெண்டு லாட்டைத் தொலைச்சான்” என்றார். பேனா கீழே இறங்கியது. “அது வேற, இது வேற” என்றார் தேவராஜ். பேனா மேலே ஏறியது. கலைவாணி நான்கு மாதங்களுக்கு முன்பு சொன்னது என் நினைவுக்கு வந்தது. எனவே நான் காத்திருந்தேன். தேவராஜ் எதையும் மூன்று முறை சொல்பவர். மூன்றாம் முறை சொல்லி முடிக்கும்வரை, திரையில் ஓடிய எண்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவருக்கு மூச்சு வாங்கியதும் பேசினேன்.

“பாய், கலைவாணி எழுதினது சரியா இருக்கு. அதை நான் மாத்தவே இல்லை. தப்பா இருந்தது கடைசி வரி. அது என்னோடது. எட்டு மாசத்துக்கு முன்னால, புது ராம் வரும்னு நினைச்சு முன்கூட்டியே எழுதினேன். வந்து சேந்துச்சான்னு பாக்கலை. தேதியும் என் எழுத்தும் பக்கத்துலயே இருக்கு, படிச்சுப் பாருங்க.”

ரஃபீக் பாய் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உதடு அசைய வாசித்தார். “அந்த ராம் வந்துச்சே. எங்க போச்சு?” என்றார்.

“உங்க கேபின்ல கேமரா பாக்கிற மிஷின்ல போட்டாங்க சார். படம் விட்டு விட்டு வருதுன்னு நீங்கதான் சொன்னீங்களாம்” என்றார் கலைவாணி, தரையைப் பார்த்தபடி.

“எங்க போச்சுன்னு கேக்காதது என் தப்புதான் பாய்” என்றேன். தேவராஜ் வாய் திறக்கும் முன், லேபிள் சரியாக வருகிறதா என்று பார்க்கலாம் வாருங்கள் என்று அவரைக் கையோடு அழைத்துக்கொண்டு வெளியே நடந்தேன். கடைசிப் பேச்சு என்னுடையதாகவே இருக்கவேண்டும் அல்லவா? திரும்பி வந்தபோது தாள் நான்காக மடிந்து, கையெழுத்தில்லாமல் மேசைமேல் கிடந்தது. நாற்காலியில் கலைவாணி உட்கார்ந்திருந்தார். நேற்று கோப்பைத் திறந்தபோது அந்த இருபத்திரண்டைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். பார்த்தாராம். இயந்திரத்தில் பதினாறுதானே என்று யோசித்தாராம். பின்பு ஏன் சொல்லவில்லை?

“பக்கத்துல உங்க எழுத்து இருந்திச்சே அக்கா. ஓட்டை போட்ட தோலை யாராவது திரும்ப எடை போடுவாங்களா?”

மறுநாள் காலை

மறுநாள் தூறல் இல்லை. கலைவாணி முதல் பேருந்தில் வந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த பூப்போட்ட மெத்தைத் துண்டை நாற்காலியில் போட்டார். ஐந்து மாதமாக அதைக் கொண்டுவராமல் இருந்தவர் அவர். பிறகு கோப்பைத் திறந்து, அவசரத்தில் நான் புதுத் தேதி போடாமல் திருத்தியிருந்த கடைசி வரிக்குக் கட்டக்குறி போட்டு, அதன் கீழே அதே பதினொன்றைத் தேதியோடும் தம் பெயரெழுத்துகளோடும் எழுதினார். ஏழு பத்துக்கு என்னை அழைத்துத் தகவல் சொன்னார். அனுமதி கேட்கவில்லை.

தனபால் சர்வரின் பக்கத்துச் சுவரில் ஓர் ஆணி அடித்து, “16 தான் கீது. ரொப்பாதே” என்று எழுதிய சீட்டைக் குத்தினார். தேவராஜ், மாதத்தின் முதல் வெள்ளி ஜும்மா நேரத்தில் சர்வர் கட்டாயம் நிறுத்தி எழுப்பப்படும் என்று ஒரு சுற்றறிக்கை தயாரித்தார். நான்காக மடிந்த தாளின் பின்பக்கத்திலேயே அதை எழுதிக் கதவில் ஒட்டினார் என்று கேள்விப்பட்டேன். நான் சத்துவாச்சாரியில் உட்கார்ந்து, என் பொறுப்பில் உள்ள மற்ற ஒன்பது இடங்களின் கான்ஃபிக் கோப்புகளையும் திறந்து, என் பெயரெழுத்துகள் உள்ள வரிகளை மட்டும் தேடினேன். இன்னும் வாசிக்கப்படாமல் காத்துக்கொண்டிருந்த இரண்டு வரிகள் கிடைத்தன. அந்த இரண்டு இடங்களுக்கும் அழைத்து, தவறு என்னுடையது என்று முதலிலேயே சொன்னேன்.

ஒன்பது மணிக்கு ரஃபீக் பாய், கேமரா இயந்திரத்திலிருந்து கழற்றிய நினைவகத்தை உள்தோல் துண்டு ஒன்றில் பொதிந்து, தாமே எடுத்துவந்து கலைவாணியின் மேசையில் வைத்தார். எழுந்து நிற்கப்போன கலைவாணியை, கையசைத்து உட்காரச் சொன்னார். பின்பு அங்கிருந்தே என்னை அழைத்தார். ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுகிறார் என்பது எனக்குப் புரியச் சில நொடிகள் ஆயின.

“கலைவாணியைப் பத்திக் கவலையில்ல மேடம். உங்களைத்தான் ஒரு ஆறு மாசம் பாப்போம்.”

ஆக, அந்தக் கணினி அறையில் இன்று பரீட்சைக் காலத்தில் இருப்பது, இரண்டு ஆண்டுகளாக அங்கே எல்லோருக்கும் விதிகளைச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே ஒருத்திதான்.